நூற்றெட்டுக் கண்ணிப் பூ

நான் முதன்முதலாகப் பின்னிய பாப்பிப் பூ, பூவாக வரவில்லை. சிவப்பு நூலை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனேன். நான்காம் சுற்றில் ஓரம் மேலே எழும்பியது. ஐந்தாம் சுற்றில் உள்ளே குழிந்தது. முடித்து மேசைமேல் வைத்தபோது, ரப்பர் மரத்தில் பால் பிடிக்க மாட்டியிருக்கும் கோப்பையே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த வடிவத்தை அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

பிரித்துக் கண்ணிகளை எண்ணினேன். இரண்டாம் சுற்றில் பன்னிரண்டு. மூன்றாம் சுற்றிலும் பன்னிரண்டு. அதற்குப் பிறகும் அதே பன்னிரண்டு. கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமல் விட்டதால் வட்டம் கோப்பையாகிவிட்டது.

குரோஷே பின்னலில் உருவத்தைத் தீர்மானிப்பது எண்ணிக்கை. எத்தனை கண்ணி என்று மாற்றினால் போதும், அதே நூலும் அதே ஊசியும் தட்டையான வட்டத்தையும் தரும், கிண்ணத்தையும் தரும், சுருள்சுருளாக அலையடிக்கும் இதழையும் தரும். போரில் மாண்டவர்களுக்காக நெஞ்சில் குத்திக்கொள்ளும் இந்தச் சிவப்புப் பூவைப் பின்னக் கற்றுக்கொள்வதும், அது ஏன் அப்படி விரிகிறது என்று புரிந்துகொள்வதும் ஒரே வேலைதான். அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நம் தோட்டங்களிலிருந்து போய், யாராலும் சரியாக எண்ணப்படாமலே மறைந்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணி எண்ணிச் செய்யும் ஒரு பூவை அவர்களுக்கு வைப்பதுதான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

ஒரே நூல், ஒரே கொக்கி

குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறிய கொக்கி என்று பொருள். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில், பத்து, ஐம்பது, நூறு என்று கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்று நழுவினாலும் ஏணிப்படி போல வரிசையாக அவிழ்ந்துவிடும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் காத்திருக்கும். மற்றவை எல்லாம் அதனதன் இடத்தில் முடிந்து உட்கார்ந்துவிட்டவை. அதனால்தான் புதிதாகக் கற்பவருக்கு இது நல்ல பின்னல். தவறினால் நூலை இழுத்தால் போதும், தவறிய இடம்வரை அவிழும். திருத்திவிட்டுத் தொடரலாம்.

இழுத்தால் இவ்வளவு எளிதாக அவிழ்வது, நுனியை முடிச்சிட்டுவிட்டால் எப்படிப் பல ஆண்டுகள் குலையாமல் நிற்கிறது? விடை உராய்வில் இருக்கிறது. மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தால் மாடு நம்மையும் இழுத்துக்கொண்டு போகும். அதே கயிற்றைக் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நுனியைப் பிடித்தால், சிறுவனின் கையே போதும். ஒவ்வொரு சுற்றும் பிடிமானத்தைப் பல மடங்காகப் பெருக்குகிறது. 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் லியோனார்டு ஆய்லர் இதற்குச் சூத்திரம் கண்டார். உராய்வு எண் 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் பிடிமானம் ஏறக்குறைய 6.6 மடங்கு, இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்று சுற்றில் 286 மடங்கு. குரோஷேக் கண்ணி ஒவ்வொன்றிலும் நூல் தன்மேலேயே பலமுறை வளைந்து திரும்புகிறது. பசையோ ஆணியோ இல்லாமல், வளைவுகள் மட்டுமே அந்தப் பூவைத் தாங்கி நிற்கின்றன.

ஏன் ஆறு?

வட்டமான பின்னல் தட்டையாக விரிய வேண்டுமானால், சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்ட வேண்டும் என்று குரோஷே தெரிந்த எவரும் சொல்வார். முதல் சுற்றில் 6, பிறகு 12, 18, 24. ஏன் ஆறு? ஐந்தோ எட்டோ கூடாதா?

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வாய்ப்பாடு இதற்கு உதவும். வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப் போல 6.28 மடங்கு. குட்டைக் கண்ணி என்று சொல்லக்கூடிய எளிய கண்ணி, ஏறக்குறைய அகலமும் உயரமும் சமமாக இருக்கும் சிறு சதுரம். ஒரு சுற்றுப் பின்னி முடித்தால் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது. சுற்றளவு 6.28 கண்ணி அளவு கூடியாக வேண்டும். கண்ணியைப் பின்னமாகப் போட முடியாது, ஆகவே ஆறு. இதில் வியப்பு என்னவென்றால், வட்டம் சிறு பொட்டாக இருந்தாலும் சாப்பாட்டு மேசை அளவுக்கு இருந்தாலும், கூட்ட வேண்டியது அதே ஆறுதான். நெட்டைக் கண்ணி போட்டால் உயரம் ஏறக்குறைய இரு மடங்கு. அப்போது சுற்றுக்குப் பன்னிரண்டு.

ஆறுக்குக் குறைந்தால், வெளிச்சுற்றுக்குப் போதிய நீளம் இருக்காது. அது உள்ளே இழுக்கும், பின்னல் குழிந்து பால்கோப்பையாகும். ஆறுக்கு மிஞ்சினால், ஓரத்தின் நீளம் தட்டையான இடத்தில் அடங்காது. மிச்ச நீளம் மேலும் கீழும் மடிந்து அலையாகும். பூவுக்கு நமக்கு வேண்டியது அந்த அலைதான்.

இந்த அலை கணிதத்தில் பெரிய வரலாறு உடையது. அதிபரவளையத் தளம் என்று அழைக்கப்படும் இவ்வகைப் பரப்பை 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் நிகோலாய் லோபசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் யானோஷ் பொல்யாயும் தனித்தனியே ஆராய்ந்தார்கள். தாளில் எழுத முடிந்ததைக் கையில் பிடித்துப் பார்ப்பது கடினமாகவே இருந்தது. காகிதத்தை வெட்டி ஒட்டிச் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்தன. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாட்வியாவில் பிறந்த கணிதப் பேராசிரியை டைனா தைமினா, குரோஷே ஊசியை எடுத்தார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒரு கண்ணியைத் தவறாமல் கூட்டிக்கொண்டே போனார். கையில் எடுத்து மடித்துப் பார்க்கக்கூடிய, கிழியாத அதிபரவளையத் தளம் மாணவர்களுக்குக் கிடைத்தது.

இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலில் வளரும் கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். அதன் ஓரம் நடுப்பகுதியைவிட வேகமாக வளர்கிறது, இடம் போதாமல் மடிகிறது. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மெதுவாகக் கிழித்தாலும் இதைக் காணலாம். கிழிந்த விளிம்பு நீண்டு, அலைமேல் அலையாகச் சுருளும். அதன் காரணத்தை இயற்பியலாளர்கள் சிலர் 2002-இல் விளக்கினார்கள். கிழியும்போது விளிம்பு மட்டும் இழுபட்டு நீள்கிறது, உள்பகுதி நீள்வதில்லை. பிளாஸ்டிக்கும் கோழிக்கொண்டையும் நம் சிவப்பு நூலும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படுகின்றன.

மண்ணைக் கிளறினால் முளைக்கும் பூ

நினைவுப் பூவாகக் குத்தப்படும் பாப்பி, ஐரோப்பிய வயல்களில் தானாக முளைக்கும் களைச்செடி. தாவரவியல் பெயர் பப்பாவர் ரோயாஸ். நம் சமையலறைக் கசகசா இதன் உறவுச் செடியிலிருந்து வருவது. நான்கு மெல்லிய இதழ்கள், நடுவில் கருமை. மொட்டுக்குள் இடம் குறுகலாக இருப்பதால் இதழ்கள் கசக்கிய பட்டுத்துணி போல மடிந்தே வளர்கின்றன. மலர்ந்த பிறகும் அந்தச் சுருக்கத்தின் சாயல் இருக்கும்.

இதன் விதை பொடிமணல் அளவே. மண்ணுக்குள் புதைந்தால் பல பத்தாண்டுகள் உறங்கும். எவரேனும் மண்ணைக் கிளறி, விதைமேல் வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் பீரங்கிக் குண்டுகள் வயல்களைப் புரட்டிப்போட்டன. புதைகுழிகளுக்காக மண் தோண்டப்பட்டது. உறங்கிக் கிடந்த விதைகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. மண்ணைப் புரட்டிய சாவுதான் பூவையும் எழுப்பியது.

கனடா இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915 மே மாதம் அந்தப் பூக்களை வைத்து ஒரு கவிதை எழுதினார். அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918 நவம்பரில் பாப்பியை அணியத் தொடங்கினார். பிரான்சின் அன்னா கெரான், துணியால் செய்த பூக்களை விற்றுப் போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் வழியைப் பரப்பினார். 1921 முதல் பிரிட்டனில் நவம்பர் 11-ஐ ஒட்டி இந்தப் பூ அணிவது வழக்கமாயிற்று. ஆரம்பத்திலிருந்தே இது கையால் செய்த பூ.

2013-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் லின் பெரி, மார்கரெட் நைட் என்ற இரண்டு பெண்கள், போருக்குப் போன தங்கள் அப்பாக்களின் நினைவாக 120 பூக்கள் பின்ன முடிவுசெய்தார்கள். செய்தி பரவியது. தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் பூக்கள் வந்து சேர்ந்தன. 2015 ஏப்ரலில் மெல்பர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தில் 250,000-க்கும் மேற்பட்ட பூக்கள் விரிக்கப்பட்டன.

சயாமுக்குப் போனவர்கள்

பாப்பிக்கும் நெகிரி செம்பிலானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிம்மாஸ் அருகே கெமெஞ்சே பாலத்துக்குப் போனால் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1942 ஜனவரி 14 அன்று, சைக்கிளில் வந்த ஜப்பானியப் படையை அங்கே ஆஸ்திரேலிய வீரர்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். ஆஸ்திரேலியர் வந்து தலைவணங்கும் இடம் அது.

அதே ஆண்டில் இன்னொரு கணக்கு தொடங்கியது. இன்றைய தாய்லாந்தான சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் முடிவெடுத்தார்கள். கிம்மாஸிலிருந்து வடக்கே காட்டை ஊடுருவிச் செல்லும் கிழக்குக்கரைப் பாதையின் ஒரு பெரும்பகுதியையும், தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையையும் பெயர்த்து, தண்டவாளங்களை அங்கே கொண்டுபோனார்கள். தண்டவாளத்துக்கு முன்னும் பின்னும் ஆட்களையும் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி முதலில் தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, வலுக்கட்டாயமாக லாரியில் ஏற்றினார்கள். சரக்குப் பெட்டிகளில் பல நாள் பயணம், பிறகு காட்டுப்பாதையில் நெடுநடை. 1943-இல் மழைக்காலத்தோடு காலரா வந்தது. மலேரியா, சீதபேதி, அழுகும் புண் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பெரும்பாலான தொழிலாளர் முகாம்களில் மருத்துவரும் இல்லை, போதிய மருந்தும் இல்லை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் ஒரு மதிப்பீடு இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை. வேறுபாடு பல்லாயிரக்கணக்கில் இருக்கிறது. நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு இந்த நிலை இல்லை. அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கைதிகளே இரகசியமாகப் பட்டியல் வைத்திருந்தார்கள், போர் முடிந்ததும் உடல்களைத் தேடி எடுத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் இன்று புல்வெளியில் வரிசையாக நிற்கின்றன.

தோட்டத்துக்காரர்கள் எண்ணப்படாதவர்களா? விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஒவ்வொரு நாளும் எண்ணப்பட்டவர்கள் அவர்கள். தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு போடுவார். வெட்டிய மரத்துக்குக் கணக்கு, எடுத்த பாலுக்குக் கணக்கு, வராத நாளுக்கும் கணக்கு. அவர்கள் உழைப்பு கடைசிச் சொட்டுவரை எண்ணப்பட்டது. சாவு மட்டும் எண்ணப்படவில்லை. பெரிய குழிகளில் மொத்தமாகப் போட்டார்கள். வீடுகளில் மிஞ்சியது, "அவரு சயாமுக்குப் போனவரு" என்ற ஒற்றை வாக்கியம். போனவர் என்ற அளவில் அது நின்றுவிடும்.

இந்த மண்ணையும் சிலர் கிளறிக்கொண்டே இருந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் அந்த வாழ்க்கையை எழுத்தில் நிறுத்தின. 2023 மே மாதம் காஞ்சனபுரியில் அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டு உறங்கிய விதைக்கு வெளிச்சம் பட்டது என்றுதான் அதைச் சொல்வேன்.

வெட்சியும் பாப்பியும்

வெள்ளைக்காரர் பூவை நாம் ஏன் அணிய வேண்டும் என்று தோன்றினால், நம் வாசலில் நிற்கும் வெட்சியைப் பாருங்கள். இட்லிப் பூ என்று பலர் சொல்லும் அதே செடி. அதுவும் சிவப்பு, அதற்கும் நான்கு இதழ். போருக்குப் போகையில் பூச்சூடுவது தமிழர் வழக்கம். போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பூவின் பெயர் வைத்த இலக்கணம் நம்முடையது. தொல்காப்பியம் நடுகல் நாட்டும் படிநிலைகளை வெட்சித் திணையைச் சொல்லும் இடத்திலேயே சொல்கிறது. தலையில் சூடும் பூமாலைக்குச் சங்க காலத்தில் கண்ணி என்று பெயர். ஊசியில் நூல் விழும் வளையத்தையும் கண்ணி என்றே சொல்கிறோம். ஆகவே இந்தப் பூவைப் பாப்பி என்று நினைத்தும் பின்னலாம், வெட்சி என்று நினைத்தும் பின்னலாம். கணக்கு ஒன்றுதான்.

பின்னும் முறை

தேவையானவை: 4 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, நடுத்தரத் தடிமனில் சிவப்புப் பருத்தி நூல், கொஞ்சம் கறுப்பு நூல், இரண்டு ஊக்கு, ஒரு தையல் ஊசி.

குட்டைக் கண்ணி போடும் விதம்: கொக்கியைக் கீழ்க்கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து வாருங்கள். கொக்கியில் இரண்டு வளையம் இருக்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டுக்குள்ளும் ஒன்றாக இழுங்கள். நெட்டைக் கண்ணிக்கு, உள்ளே விடுமுன்பே கொக்கியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள வேண்டும். நூலை இழுத்து வந்ததும் மூன்று வளையம் இருக்கும். முதலில் இரண்டுக்குள் இழுங்கள், பிறகு மிஞ்சிய இரண்டுக்குள் இழுங்கள். நழுவு கண்ணி எல்லாவற்றிலும் குட்டை: கீழ்க்கண்ணியில் இழுத்த நூலை அப்படியே கொக்கியிலுள்ள வளையத்துக்குள்ளும் இழுத்துவிட வேண்டியதுதான்.

கறுப்பு நூலில் இரண்டு சங்கிலி போடுங்கள். முதலில் போட்ட சங்கிலிக்குள்ளேயே ஆறு குட்டைக் கண்ணி போட்டால் முதல் சுற்று முடிந்தது. ஆறாவது கண்ணியின் கடைசி இழுப்பில் சிவப்பு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றை மூட வேண்டாம், சுருளாகவே தொடருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஊக்கை மாட்டினால் எண்ணிக்கை தவறாது.

இரண்டாம் சுற்றில், ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு குட்டைக் கண்ணி: பன்னிரண்டு. மூன்றாம் சுற்றில், ஒன்றில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாறி மாறி: பதினெட்டு. இதுவரை பின்னல் மேசைமேல் தட்டையாகக் கிடக்கும். நான்காம் சுற்றில்தான் இதழ் பிறக்கிறது. தட்டையாக இருக்க இருபத்து நான்கு போதும். நாம் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டு முப்பத்தாறு ஆக்குகிறோம். மிகையான பன்னிரண்டும் இருக்க இடமின்றி மேலும் கீழும் மடியும். நூல் அலையடிக்கத் தொடங்குவதை விரலிலேயே உணரலாம்.

ஐந்தாம் சுற்றில் அந்த முப்பத்தாறை நான்கு இதழாகப் பிரிக்கிறோம். இதழுக்கு ஒன்பது: ஒரு நழுவு கண்ணி, ஒரு குட்டை, ஐந்து நெட்டை, ஒரு குட்டை, ஒரு நழுவு கண்ணி. இப்படி நான்கு முறை. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசி வளையத்துக்குள் இழுத்து இறுக்குங்கள். தொங்கும் நுனிகளைத் தையல் ஊசியால் பின்பக்கம் மறைத்து, அங்கேயே இன்னோர் ஊக்கைத் தைத்துவிடுங்கள்.

சரியாக வந்த என் முதல் பூவை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். தொடக்கச் சங்கிலியை விட்டுவிட்டுக் கூட்டினால், ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, முப்பத்தாறு, முப்பத்தாறு. மொத்தம் நூற்றெட்டு. எந்தத் திட்டமும் இல்லாமல், ஆறிலிருந்து புறப்பட்ட கணக்கு அங்கே வந்து நின்றது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நூற்றெட்டுப் போற்றி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பற்றி விளக்கம் வேண்டாம்.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருக்கலாம். தாத்தாவின் அண்ணனாக, பாட்டியின் முதல் கணவராக, பெயர் மட்டும் மிஞ்சிய ஒருவராக, பெயரும் மிஞ்சாத ஒருவராக. அவருக்காக ஒரு பூப் பின்னுங்கள். பெயர் தெரிந்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் எண்ணை மட்டும் சொல்லுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பெரட்டில் அவரை எண்ணியது அன்றைய கூலிக்காக. இப்போது எண்ணுவது அவருக்காக.